நீங்கதானே மேடம் பார்த்தீங்க

ஒரு அம்மாவோட மார்பகப் புற்றுநோய்க் கட்டியை லேப்ல மைக்ராஸ்கோப்ல பார்த்து நான் கொடுத்த ரிப்போர்ட் இது: ஈஆர், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிக்கிற ரிசப்டர், 4 சதவீதம் செல்லுலதான், லோ பாசிட்டிவ்; பிஆர்ங்கிற புரோஜெஸ்டிரான் ரிசப்டர் இல்ல, ஹெர்டூங்கிற புரோட்டீனும் இல்ல, கிரேடு 3, வேகமா வளர்ற ரகம். கையெழுத்துப் போட்டது நான்தான், அந்த ரிப்போர்ட் மேல எனக்கு இன்னைக்கும் சந்தேகம் கிடையாது. கட்டிக்குப் பக்கத்துல இருந்த நார்மல் டக்ட் (பால்குழாய்) செல்லுல பலதும், ஈஆர் இருந்தா வர்ற பழுப்பு ஸ்டெயினை நல்லா எடுத்திருந்துச்சு, அப்போ டெஸ்ட் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. ஆனாலும் வெளியூர்ல இருந்து வந்த ஸ்பெசிமன், ஃபார்மலின்ல குறைஞ்சது 6 மணி நேரமாவது இருக்கணும், வெட்டி விடாம முழுசா முக்கி அனுப்பினா உள்ள வரைக்கும் இறங்காது, ஈஆர் இருந்தும் இல்லாத மாதிரி காட்டும், அதனால அதே கட்டியோட வேற துண்டுல (பிளாக்ல) டெஸ்ட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே அளவுதான் வந்துச்சு.

மனசுல நிக்கிறது ரிப்போர்ட் இல்ல, அந்தம்மாவோட பையன் நேரா லேபுக்கே வந்து கேட்டது. "மேடம், ஈஆர் பாசிட்டிவ்னா நல்ல டைப்னு சொல்றாங்களே, மாத்திரையே போதுமா? அம்மா கீமோ தாங்குவாங்களான்னு பயமா இருக்கு." "ட்ரீட்மென்ட் எல்லாம் உங்க டாக்டர் சொல்லுவார் தம்பி"ன்னேன். "நீங்கதானே மேடம் கண்ணால பார்த்தீங்க"ன்னான்.

அவன் கேள்விப்பட்டது பொய் இல்ல. ஈஆர் பாசிட்டிவ் இருக்கிறவங்க ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிற தமாக்ஸிஃபென் 5 வருஷம் விடாம சாப்பிட்டா, 15 வருஷக் கணக்குல இந்த நோயால வர்ற சாவு மூணுல ஒரு பங்கு குறையுது, அதுவும் விலை கம்மியான மாத்திரை. ஆனா அது பெரும்பாலும் நல்லா ஸ்ட்ராங்கா பாசிட்டிவ் வர்றவங்களுக்கு. இங்க 100 செல்லுல 4, அதுவும் லேசா. முன்னாடி பல லேப்ல 10க்குக் கீழ வந்தா நெகட்டிவ்னே போட்டுடுவாங்க, 2010ல அமெரிக்க கைட்லைன் அதை 1க்கு இறக்குச்சு, மாத்திரையால கொஞ்சமாவது பலன் கிடைக்கக்கூடிய யாரும் விட்டுப்போகக் கூடாதுன்னு. அது நியாயம்தான். அப்புறம் 2020ல 1ல இருந்து 10 வரைக்கும் லோ பாசிட்டிவ்னு தனியா பிரிச்சாங்க, ஏன்னா இதுல நிறைய கட்டி நெகட்டிவ் மாதிரியேதான் நடந்துக்குது, திரும்ப வந்தா பெரும்பாலும் முதல் சில வருஷத்துலயே வந்துடுது, கீமோதான் பெரிய துணை. நல்லா பாசிட்டிவ் இருக்கிற கட்டி வேற மாதிரி, சீக்கிரம் வராது, ஆனா 20 வருஷம் கழிச்சும் வரலாம்.

இதை அவன்கிட்ட சொல்லியிருக்கணுமா? அந்தம்மாவை நான் பார்த்ததே இல்ல, ஹார்ட் எப்படி இருக்கு, வேற எங்கயாவது பரவியிருக்கா, எதுவும் தெரியாது, ஸ்லைடு மட்டும்தான் தெரியும். நான் ஒண்ணு சொல்லி டாக்டர் வேற சொன்னா ரெண்டு பேர் மேலயும் நம்பிக்கை போயிடும். அன்னைக்கே அந்தம்மாவோட ஆங்காலஜிஸ்டுக்கு, அதான் புற்றுநோய் டாக்டருக்கு, ஃபோன் பண்ணி பேசவும் செஞ்சேன், ரிப்போர்ட்ல நான் எழுதியிருந்த கமெண்ட்டை அவர் படிச்சிருந்தார், கீமோதான்னார். என் வேலை முடிஞ்சுது. ஆனா பையன் "நல்ல டைப்"னு நினைச்சுக்கிட்டேதானே படி இறங்கிப் போனான், கீமோன்னு கேட்டதும் இந்த டாக்டர் தேவையில்லாம பண்றார்னு தோணி, ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா? "4ங்கிறது ரொம்பக் கம்மி தம்பி, டாக்டர் கீமோ சொன்னா தள்ளிப் போடாதீங்க", இவ்வளவு சொல்லியிருந்தா போதும். இது ட்ரீட்மென்ட் சொல்றது ஆகுமா? ஆகாதுன்னு தோணுது, கொஞ்ச நேரத்துல ஆகும்னும் தோணுது.

அதுக்கப்புறம் வேற ஒரு அம்மாவோட ரிப்போர்ட்டும் லோ பாசிட்டிவ் வந்துச்சு, அவங்க பொண்ணு கேட்டப்போ அதையே சொன்னேன். அந்தப் பொண்ணு ரிப்போர்ட்டை மடிச்சுக்கிட்டே "அப்போ அம்மா பிழைக்க மாட்டாங்களா மேடம்?"னு கேட்டா. அப்படி இல்லம்மா, கீமோவுக்கு நல்லாவே கேக்குற கட்டி இதுல நிறைய இருக்குன்னு வேகமா சொன்னேன், சொன்னது உண்மைதான், ஆனா அவ அம்மாவுக்குக் கேக்குமான்னு எனக்கு எப்படித் தெரியும், கடைசில நானும் டாக்டரைக் கேளுங்கன்னுதான் அனுப்பினேன்.