வாயைத் திறக்கச் சொல்லாத பேச்சுப் பயிற்சி

கும்பகோணத்தில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பது என் வேலை. பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர் பக்கங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்தான் அதிகம். என்னிடம் வருவதற்கு முன்பே பலர் கூத்தனூர் சரஸ்வதியைப் பார்த்திருப்பார்கள். சிலர் சீர்காழியில் திருக்கோலக்காவுக்கும் போயிருப்பார்கள். சம்பந்தரின் பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்த அம்பாள், பேசாத பிள்ளைக்கும் வாக்கு கொடுப்பாள் என்பது இங்குள்ள நம்பிக்கை. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதும் நடந்திருக்கும். "குமரகுருபரரே ஐந்து வயதில்தானே பேசினார்" என்று சொல்ல ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு தாத்தா உண்டு.

கோயிலோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. வழக்கெல்லாம் அந்த ஐந்து வயதோடுதான். பேச்சை மூளை எளிதாகப் பிடித்துக்கொள்ளும் வருடங்கள் அதற்குள் கழிந்துவிடுகின்றன. ஒரு வயதை ஒட்டி முதல் சொல் வர வேண்டும்; இரண்டு வயதில் ஐம்பது சொற்களாவது இருக்க வேண்டும்; 'அம்மா வா' என்பதுபோல இரண்டைச் சேர்த்துச் சொல்லவும் தொடங்க வேண்டும். இல்லையென்றால் காட்டிவிடுவது நல்லது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாத குழந்தையென்றால் அதற்கும் முன்பே.

முதல் நாள் பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும். பேச்சு வரவில்லை என்று வந்தவர்களைக் காது பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன். "பட்டாசு வெடித்தால் அழுகிறானே டீச்சர்" என்பார்கள். வெடிச் சத்தம் கேட்கும் குழந்தைக்கு 'ச' கேட்காமல் போகலாம். அடிக்கடி சளி பிடித்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டால் ஒரு வாரம் கேட்கும், மறு வாரம் மந்தமாகும். சத்தத்துக்கு மூளை காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா பரிசோதனைக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் போகும் வழியில் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள் என்று தனியாகச் சொல்லி அனுப்புவேன். அங்கே போய்ச் சேரும்போது கண் கொட்டக் கொட்ட விழித்திருந்தால் அந்த நாள் வீண். காது அறவே கேட்கவில்லை என்று தெரிந்தால் ஓட வேண்டியது உடனடியாக. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவியை (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி) பொருத்துவதற்கு ஆறு வயது வரம்பு இருக்கிறது. கருவி பொருத்திய பிறகும் கேட்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நெடுநாள் தொடரும்.

காது சரியாக இருந்தால் அடுத்த ஏமாற்றம் காத்திருக்கும்: நான் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருப்பேன். அதற்குத்தானா இத்தனை தூரம் வந்தோம் என்று முகத்திலேயே எழுதியிருக்கும்.

மூன்று வயதுச் சிறுவன் ஒருவனிடம் சோப்புக் குமிழி டப்பாவை நீட்டினேன். மூடியை வேண்டுமென்றே இறுக மூடியிருந்தேன். திருகிப் பார்த்தான், கடித்துப் பார்த்தான். நான் பேசாமல் இருந்தேன். கூட வந்த அப்பாயிக்குப் பொறுக்கவில்லை. "திறன்னு கேளுடா கண்ணு, கேளு... பாவம், கொடுத்துவிடுங்களேன்" என்று கை நீட்டிவிட்டார். "அப்பாயி, கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். பையன் டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு டப்பாவை என் கையில் வைத்து அழுத்தினான். சொல் எதுவும் வரவில்லை. ஆனால் கேட்டுவிட்டான். "திற!" என்று அவனுக்காக நானே சொல்லித் திறந்து ஊதினேன். இதையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் ஆரம்பகாலப் பயிற்சி. அந்த வீட்டில் அவன் கண்ணைக் காட்டினாலே பால் வரும், பிஸ்கட் வரும். கேட்க வேண்டிய அவசியமே அவனுக்கு வந்ததில்லை. அன்று நான் கொடுத்த வீட்டுப்பாடம் அவனுக்கு இல்லை, அப்பாயிக்கு: எதைக் கொடுப்பதற்கு முன்பும் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அவருக்கு அது விரதம் இருப்பதைவிடக் கடினமாக இருந்திருக்கும்.

நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நாக்குக்கு அடியில் இழுத்துப் பிடிக்கும் அந்த ஜவ்வு சில எழுத்துகளைச் சிரமப்படுத்தலாமே தவிர, பேச்சே வராமல் தடுக்காது. மெழுகுவத்தி ஊதுவது, நாக்கை நீட்டி மடக்குவது போன்ற பயிற்சிகளையும் விரும்பிக் கேட்கிறார்கள். ஏதோ நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா? உச்சரிப்பு அவற்றால் திருந்தும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. எழுத்தைச் சொல்லித்தான் எழுத்து வரும்.

நான்கரை வயதில் ஒருவன் 'தும்பதோணம்' என்று சொல்லிக்கொண்டு வந்தான். தாத்தா அதை ரசித்து, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். 'க' வர வேண்டிய வயது தாண்டியிருந்தது. ஐஸ்கிரீம் குச்சியால் அவன் நாக்கு நுனியை லேசாகக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு 'தா' சொல்லச் சொன்னேன். நுனி எழ வழியில்லாமல் நாக்கின் பின்பகுதி எழுந்தது. வாயிலிருந்து வந்தது 'கா'. அவனே திடுக்கிட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். அதன்பிறகு கா, கீ, கூ. பிறகு காக்கா, கத்தரிக்காய். அறைக்குள் கும்பகோணம் சுத்தமாக வந்த பிறகும், பஸ் நிலையத்தில் தும்பதோணம்தான். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இது எல்லாக் குழந்தைகளுக்கும் நடப்பது. பயிற்சியில் வந்தது அன்றாடப் பேச்சில் ஊறுவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். 'ர', 'ற', 'ழ' இன்னும் தாமதமாக வருபவை. 'வாளைப்பளம்' சாப்பிடுகிற வீட்டிலிருந்து, நான்கு வயதுப் பிள்ளைக்கு 'ழ' வரவில்லை என்று அழைத்து வருவதுதான் எனக்குப் புரிவதில்லை!

இந்தப் பக்கத்து வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பது சகஜம். இரவு வீடியோ அழைப்பில் அவர் பரீட்சை வைப்பார்: இது என்ன கலர், மாடு எப்படிக் கத்தும்? குழந்தை நழுவி ஓடிவிடும். கேள்வியை விட்டுவிட்டு, இன்று என்ன சமைத்தேன் என்று தட்டைக் காட்டிப் பேசுங்கள் என்பேன். செய்து பார்த்த அப்பாக்கள் உண்டு.

நடவு, அறுப்பு நாட்களில் வருகை பாதியாகிவிடும். கூலியை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் செய்ய வேண்டியதைச் சொல்லி அனுப்புவேன். அதை ஒழுங்காகச் செய்கிற வீட்டில் ஒரு மாதம் வராவிட்டாலும் பெரிதாகப் பின்வாங்குவதில்லை.

"எத்தனை மாதத்தில் பேசுவான்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓரிரு எழுத்துப் பிழையென்றால் சில மாதங்கள் போதும். ஆட்டிசமோ செவித்திறன் குறைபாடோ இருந்தால் வருடங்கள் ஆகும். பேசாத குழந்தையைப் படத்தைக் காட்டி வேண்டியதைக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. மூன்றே மாதத்தில் பேச வைக்கிறேன் என்பவரிடம் பேச்சுப் பயிற்சியாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பணம் கட்ட முடியாதவர்கள் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை விசாரிக்கலாம். எங்கே போனாலும் பழைய காது பரிசோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு, குழந்தையோடு பகலெல்லாம் இருப்பவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அது அப்பாயி என்றால், அப்பாயியைத்தான்.