ஃபிட்டா இருக்கற பசங்களும் விரையை செக் பண்ணுங்கப்பா

டூர் டி பிரான்ஸ்ங்கற பெரிய சைக்கிள் ரேஸ் ஓட்டுறவங்க உடம்பே தனி. 1991ல இருந்து 95 வரைக்கும் வரிசையா அஞ்சு டூர் ஜெயிச்ச மிகேல் இந்துராயினுக்கு சும்மா இருக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு 28 தடவைதான் துடிக்கும்னு சொல்வாங்க, நமக்கு 70 கிட்ட வரும். வருஷக்கணக்கா ஓட்டி ஓட்டி இதயம் பெருசாகி ஒரே துடிப்புல நிறைய ரத்தத்தை தள்ளிடும், அதான். விஓ2 மேக்ஸ், அதாவது முழு வேகத்துல உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கும்ங்கற அளவு, அதை எடுத்துக்கிட்டா சாதாரண பையனுக்கு 40, 45 வர்ற இடத்துல இவங்களுக்கு 80ஐ தாண்டும்.

இந்த மாதிரி உடம்புலயும் கேன்சர் வரும். அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1996 ஏப்ரல்ல ஃபிளெஷ் வாலோன்ங்கற சைக்கிள் ரேஸை ஜெயிச்சார், அக்டோபர்ல விரை கேன்சர்னு கண்டுபிடிக்கும்போது வயிறு, நுரையீரல், மூளை வரை போயிருந்துச்சு, வயசு வெறும் 25. விரை வீங்கியிருந்தும் சைக்கிள் சீட்ல உக்காந்து ஓட்டுறோம் அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டார். வலியை தாங்கிக்கறதையே பழக்கமா வெச்சிருக்கறவங்களுக்கு இதான் பெரிய ஆபத்துன்னு எனக்கு தோணுது, எது டிரெயினிங் வலி எது நோய்னு பிரிச்சே பாக்க மாட்டாங்க.

அவர் சிகிச்சையில ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வெச்சுது. இந்த கேன்சருக்கு வழக்கமா குடுக்கற மருந்துல ப்ளியோமைசின் நுரையீரலை கெடுக்கலாம், அதனால அமெரிக்காவுல இண்டியானால அவரை பாத்த டாக்டருங்க அதை விட்டுட்டு ஐஃபாஸ்ஃபமைட் குடுத்தாங்க, நுரையீரல் போனா ரேஸே இல்லயே. கூட குடுத்த சிஸ்பிளாட்டின்தான் உயிரை காப்பாத்துற மருந்து, அதை இந்த கேன்சருக்கு மத்த மருந்துங்களோட சேத்து 1974ல குடுக்க ஆரம்பிச்சவர் அதே இண்டியானால இருந்த டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன். ஆர்ம்ஸ்ட்ராங் பின்னாடி ஜெயிச்ச ஏழு டூரும் ஊக்கமருந்தால 2012ல பறிபோச்சு, அது சரியான தண்டனைதான், ஆனா அவருக்கு வந்த நோய் நிஜம்.

2015 டூர்ல இத்தாலி வீரர் இவான் பாஸோ கீழ விழுந்தார், அப்புறம் விரையில வலின்னு டாக்டர்கிட்ட வாய் திறந்து சொன்னார், டெஸ்ட்ல கேன்சர். உடனே ரேஸை விட்டுட்டு ஆபரேஷனுக்கு போனார், பொழச்சார். சொல்லணும்ங்க, கூச்சப்படாம.

15ல இருந்து 35 வயசு ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்ற கேன்சர்கள்ல இது ஒண்ணு. மாசம் ஒருக்கா சுடுதண்ணில குளிச்சதும் ஒவ்வொரு விரையையும் விரலுக்கு நடுவுல மெதுவா உருட்டி பாருங்க, பின்பக்கம் மெத்துன்னு ஒரு குழாய் மாதிரி இருக்கும், அது எல்லாருக்கும் உள்ளதுதான். கெட்டியா ஒரு கட்டி, புதுசா வீக்கம், ஒரு பக்கம் கனம், இதுல எது இருந்தாலும் வலி இல்லன்னு விடாதீங்க, பெரும்பாலும் வலிக்காது. யூராலஜிஸ்ட்கிட்ட போனா ஸ்கேனும் ரத்த டெஸ்டும் எடுப்பாங்க, ஆரம்பத்துலயே பாத்தா 95 சதவீதத்துக்கு மேல குணமாகும்.

குழந்தை பொறக்காதோன்னு பயந்தே நிறைய பேர் மறைக்கறாங்க. ஒரு விரை நல்லா இருந்தா பொதுவா போதும். ஆர்ம்ஸ்ட்ராங் கீமோவுக்கு முன்னாடியே விந்தை சேமிச்சு வெச்சார், முதல் மூணு பிள்ளைங்க அதுலதான் பொறந்தாங்க. கீமோன்னு பேச்சு வந்தா அதை டாக்டர்கிட்ட மொதல்லயே கேட்டுருங்க.