மைனருக்குப் பிறேக் செய்வித்த கதை: எதைத் திருத்தலாம், எதை மாற்றத்தான் வேண்டும்

எங்களுடையது 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 948 சிசி. யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய கார். கொஞ்ச நாளாகப் பிறேக் பெடல் தரைவரை போகத் தொடங்கியது. "எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுங்கோ" என்றுதான் கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள். இப்போது கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நிற்கிறது. அதற்குள் பட்ட பாட்டை எழுதி வைத்தால் பழைய கார் வைத்திருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதல் எரிச்சல் கொழும்பால் வந்தது. பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரரிடம் "948, முன் ட்றம் 7 அங்குலம்" என்று போனில் தெளிவாகச் சொன்னேன். (ட்றம் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம். அதன் உட்பக்கத்தில் சூ அழுத்தித்தான் கார் நிற்கும்.) "எல்லா மைனருக்கும் ஒரே சாமான்தான் அண்ணை" என்றார். காசை அனுப்பினேன். இரவு பஸ்ஸில் வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே 8 அங்குலச் சூ! 1962இல் 1098 சிசி என்ஜின் வந்தபோதுதான் முன் ட்றம் 8 அங்குலமானது. பின் ட்றம் மட்டும் இரண்டுக்கும் 7. "பெட்டி திறந்தா திருப்பி எடுக்கமாட்டம்" என்று சொல்லிவிட்டார். திறக்காமல் எப்படிப் பார்ப்பது? சூ இன்னும் வீட்டில் கிடக்கிறது. காசு அனுப்ப முதல் சாமானுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

அதன் பிறகு பழைய சூக்களுக்கே புது லைனிங் (ட்றத்தில் உரசும் மேற்பட்டை) ஒட்டுவித்தேன். இரும்பு வளையாமல் இருந்தால் இது போதும், நன்றாகவே பிடிக்கிறது. பழைய லைனிங்கில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். ட்றத்துத் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

சூவைத் தள்ளி ட்றத்தில் அழுத்துவது வீல் சிலிண்டர். முன் சக்கரங்களுக்கு இரண்டிரண்டு, பின்னுக்கு ஒவ்வொன்று. உள்ளே கறை மட்டும் இருந்தால் தேய்த்து எடுக்கலாம். நகம் வைத்தால் தட்டுப்படும் குழி இருந்தால் அதோடு மினக்கெட வேண்டாம், மாற்றிவிடுங்கள். உப்புக்காற்றில் ஓடாமல் நின்ற கார்களில் இந்தக் குழி பெரும்பாலும் இருக்கும்.

பெரிய தலையிடி, பெடலை மிதிக்கும்போது பிறேக் ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர். சாரதியின் காலுக்குக் கீழே சேசிஸுக்குள் இருக்கும். போல்ற்றை இழுக்க விடாமல் ரோர்சன் பார் (முன் சக்கரத்துக்கு வில்லாக இருக்கும் நீளக் கம்பி) குறுக்கே நிற்கும். கழற்றுவதே ஒரு நாள் வேலை. உடல் நல்ல வார்ப்பிரும்பு. உள்ளே மட்டும் அரித்திருந்ததால் ஸ்ரெயின்லெஸ் ஸ்லீவ் (உள்ளே இறுக்கிப் பூட்டும் மெல்லிய குழாய்) போடுவித்தேன். பூட்டி ஓடினால் கொஞ்ச தூரத்திலேயே நான்கு ட்றமும் சுட்டு, கார் தள்ளவும் அசையவில்லை. சூவை அதிகம் இறுக்கிவிட்டோம் என்று மெக்கானிக் திரும்பத் திரும்பத் தளர்த்திப் பார்த்தார். பிழை அங்கே இல்லை. பெடலை விட்டதும் ஒயில் தொட்டிக்குத் திரும்புவதற்கு, ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத ஒரு சின்னத் துளை சிலிண்டரில் உண்டு. ஸ்லீவ் அதை மூடிவிட்டது. லேத்காரரிடம் போய்க் கேட்டால், "அந்த ஓட்டை எதுக்கு, ஒழுகத்தான் செய்யும்" என்கிறார்!

எல்லாவற்றையும் மறுபடி கழற்றினோம். கொக்குவில் பக்கம் வயதான ஒரு கடைசல்காரர், சிலிண்டரைக் கையில் வாங்கியதும், நான் வாய் திறக்க முதலே, "சின்ன ஓட்டை எங்கை தம்பி?" என்று கேட்டார். அப்போதே எனக்கு உயிர் வந்தது. அளந்து துளைத்து, உள் விளிம்பில் நின்ற பிசிறையும் தேய்த்துத் தந்தார். பிசிறு நின்றால், ஒயில் ஒழுகாமல் அடைக்கும் றப்பர் கப்பைக் கிழித்துவிடும். ஸ்லீவ் போடுபவர்கள் சிலிண்டரைக் காருக்குள் பூட்ட முதலே மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். பூட்டிய பிறகென்றால், தொட்டி மூடியைத் திறந்துவைத்து ஒருவரைப் பெடலை மெதுவாக அமத்தச் சொல்லுங்கள். ஒயில் சிறிதாகப் பீறினால் துளை திறந்திருக்கிறது.

றப்பர் சாமானில் திருத்துவது என்ற பேச்சே கூடாது. கப்பு, ஹோஸ் எல்லாம் புதுசு. பழைய ஹோஸ் வெளியே நன்றாகத்தான் இருக்கும், உள்ளே வீங்கி ஒயிலைத் திரும்ப விடாது. இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஒயில் சுற்றுத்தான், ஒரு ஹோஸ் வெடித்தால் பிறேக் முழுவதும் போய்விடும். கராஜில் புதுக் கப்புகளை மண்ணெண்ணெய்ச் சட்டியில் போடப் போன பையனை நல்லவேளை பார்த்துத் தடுத்தேன். மண்ணெண்ணெயோ பெற்றோலோ பட்டால் அந்த றப்பர் ஊதிப்போகும். பிறேக் ஒயிலிலேயே கழுவ வேண்டும்.

பிறேக் குழாயில் நின்ற காற்றை எடுத்தது, சூ சரிசெய்தது எல்லாம் ஒரு பின்னேரத்தில் முடிந்தது. புது லைனிங் கொஞ்சம் தேய்ந்து படிந்ததும் சூவை இன்னொருமுறை சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முன் சக்கரத்திலும் சூ சரிசெய்யும் திருகு இரண்டு இருக்கிறது, ஒன்றை மட்டும் திருகிவிட்டு விடும் மெக்கானிக்குகளும் உண்டு. பிறேக் ஒயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். போத்தலைத் திறந்தபடி வைத்திருக்கும் கராஜில் அந்த ஒயிலை ஊற்ற விடாதீர்கள், புதுப் போத்தலை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.