கையில் இருப்பது மருதாணி இல்லை

இடது கையில், முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு வெற்றிலை அகலத்துக்குப் பழுப்புக் கறை. நான்கு மாதமாக அப்படியே இருக்கிறது. தேங்காய் எண்ணெய், கடலை மாவு, எலுமிச்சம்பழம் எதற்கும் அசையவில்லை. போன வாரம் சீடைக்குச் சொல்ல வந்த ஆச்சி பார்த்துவிட்டு, "ஏத்தா, மருதாணி வழிஞ்சிருச்சா?" என்றார். "இரும்பு ஆச்சி" என்றேன். அவர் நான் ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

ரத்த சோகைக்கு இரும்பு ஊசி போட்டுக்கொண்ட கதை இது. ஊசியைக் குறை சொல்ல வரவில்லை. படுத்துக் கிடந்தவளை எழுப்பி உட்கார வைத்தது அதுதான். ஆனால் அந்த மருந்து என் நரம்புக்குள் போய்ச் சேருவதற்குள் பள்ளத்தூருக்கும் காரைக்குடிக்கும் நடந்த நடையில் பாதி வீண். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, அதனால் பிழைத்தேன்.

எங்கள் வீட்டில் கல்யாணங்களுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கிறோம். அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணி விரித்து உலர்த்துவோம் அல்லவா, அந்த அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளித் தின்றுகொண்டிருந்தேன். ஒரு வருஷமாக. அத்தை படி வைத்து அளந்துதான் ஊறப்போடுவார். மாவு மட்டும் குறைந்து வரும். மில்காரர்தான் எடுத்துக்கொள்கிறார் என்று மில்லையே மாற்றிவிட்டார். இப்படிப் பச்சரிசி, ஐஸ் கட்டி, மண் வாசனை என்று நாக்கு அலைந்தால் உடம்பில் இரும்பு இல்லை என்று பொருள் இருக்கலாமாம். எனக்கு யார் சொன்னார்கள்? மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கியதைக்கூட வயசு என்று விட்டுவிட்டேன். வயசு 41.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ஆனால் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 34 என்று வந்தது. "இது நார்மல்தான், இரும்பு போதும், தைராய்டு பாருங்க" என்று அனுப்பிவிட்டார். தைராய்டு பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான் எனக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. காய்ச்சலோ, உடம்பில் எங்காவது அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். இதை இரண்டாவதாகப் பார்த்த லேடி டாக்டர்தான் சொன்னார். சீட்டில் தேதியைப் பார்த்துவிட்டு, "அப்ப காய்ச்சலா இருந்தீங்களா?" என்று ஒரே கேள்வி. மறுபடி எடுத்தால் ஃபெரிட்டின் 6. அதற்குள் ஹீமோகுளோபின் 7.1-க்கு இறங்கியிருந்தது. நடுவில் போனது இரண்டு மாதம்.

மாத்திரை சாப்பிடலையா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன். வயிறு எரிந்தது, மலச்சிக்கல், இருந்தும் விடவில்லை. ஆனால் காலையில் டீயோடு விழுங்கியிருக்கிறேன். டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. அந்தத் தப்பு என் மேல்தான். எப்படியும் மாதம் பத்து நாள் போகிற உதிரத்துக்கு மாத்திரை ஈடுகொடுக்காது என்றார் டாக்டர். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. அது தனிக் கதை, இன்னும் முடியவில்லை.

கணக்கு ஒன்று போட்டார். எடை 52 கிலோ. 15-லிருந்து என் 7.1-ஐக் கழித்து, எடையாலும் 2.4-ஆலும் பெருக்கி, கையிருப்புக்கு 500 கூட்ட வேண்டும். கிட்டத்தட்ட 1,500 மில்லிகிராம். முதல் தடவை 1,000, ஒரு வாரம் கழித்து 500. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்று மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். வாயில் நுழையவில்லை, நானும் இவரும் கடையில் போய் "இரும்பு ஊசி" என்றோம். அதுதான் வினை. கடைப்பையன் சீட்டைச் சரியாகப் பார்க்காமல், "அது ஸ்டாக் இல்லக்கா, இதுவும் அதேதான், விலையும் கம்மி" என்று பத்து சின்ன ஆம்பூலைக் கட்டிக் கொடுத்தான். மருத்துவமனையில் கட்டிலில் படுத்து, கையை நீட்டிக்கொண்டிருக்கும்போது சிஸ்டர் பையைத் திறந்து பார்த்துவிட்டு நிறுத்தினார். "இது சுக்ரோஸ். இதை ஒரு தடவைக்கு 200 தான் போடலாம். ஆயிரத்தையும் ஒரேயடியா ஏத்தினா என்ன ஆகுறது?"

இரும்பு ஊசி என்பது ஒரே மருந்து இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அயர்ன் சுக்ரோஸ் என்றால் நாள் விட்டு நாள் பல தடவை போய்ப் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் அதைத்தான் போடுவார்கள், அதுவும் நல்ல மருந்துதான். ஆனால் அளவு வேறு, ஏற்றும் முறை வேறு. அந்த சிஸ்டருக்கு அடுத்த தடவை ஒரு டப்பா மணகோலம் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் பணம் திருப்பித் தரவில்லை, அதற்கு ஈடாக வேறு மருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சரியான மருந்து மதுரையிலிருந்து வர மேலும் இரண்டு நாள். சீட்டையும் மருந்தின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர் போனால் கூட ஒருத்தரை அழைத்துப் போங்கள்.

இடையில் எங்கள் தெருவுக்கு வரும் கம்பவுண்டர், "எதுக்கு அலையறீங்க, வீட்டுலயே போட்டுவிடுறேன்" என்றார். இவருக்கு அரை மனசு. நான்தான் வேண்டாம் என்றேன். அபூர்வமாகத்தான் என்றாலும் ஒவ்வாமை வந்தால் அந்த நிமிஷமே டாக்டரும் ஆக்சிஜனும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊசி முடிந்தபிறகும் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போய்விடாதீர்கள்.

சரி, கறைக்கு வருகிறேன். சரியான மருந்தை ஏற்றிய அன்றைக்கு வேறு சிஸ்டர். சலைன் பாட்டிலில் மருந்தைக் கலந்ததும் வறக்காப்பி நிறமாகிவிட்டது. ஏற ஆரம்பித்த இரண்டாவது நிமிஷமே ஊசி குத்திய இடத்தில் எரிச்சல். சொன்னேன். "அப்படித்தாம்மா இருக்கும்" என்றார், செல்போனில் இருந்து தலையைத் தூக்கவில்லை. எரிச்சல் கூடியது. கை கொஞ்சம் வீங்கினாற்போல இருந்தது. மறுபடி சொல்லக் கூச்சம். நாமே ஒரு கட்டிலை அடைத்துக்கொண்டிருக்கிறோம், தொந்தரவு பண்ணக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் டீ குடித்துவிட்டு வந்து கையைப் பார்த்துக் கத்தியபிறகுதான் நிறுத்தினார்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்து தோலுக்கு அடியில் தங்கிவிட்டது. இந்த மருந்து அப்படிக் கசிந்தால் கறை மாதக்கணக்கில் நிற்கும், சிலருக்குப் போகாமலேயே இருந்துவிடும். மீதியை வலது கையில் ஏற்றினார்கள். மொத்தமாகக் கால் மணி நேரத்து வேலை.

எரிந்தால் கத்துங்கள். கத்தியும் வரவில்லை என்றால் குழாயில் இருக்கும் உருளையை நீங்களே கீழே உருட்டி மூடிவிடுங்கள், அப்புறம் அவர்கள் திட்டட்டும். நான் அடுத்த வாரம் 500-க்குப் போனபோது, "முதல்ல வெறும் சலைன் விட்டுப் பாருங்க, நரம்பு சரியா இருந்தா மருந்தை விடுங்க" என்று படுக்கும்முன்பே சொல்லிவிட்டேன். முகத்தைச் சுளித்தார்கள். செய்தார்கள். ஒரு சொட்டு கசியவில்லை.

முதல் ஊசிக்கு மறுநாள் மூட்டு மூட்டாக வலி, லேசாகக் காய்ச்சல். மருத்துவமனை எண்ணுக்கு ஆறு தடவை அடித்தும் எடுக்கவில்லை. அது வரக்கூடியதுதானாம், பாராசிட்டமாலில் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிட்டது. இதை முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று ராத்திரி வீடே விழித்திருக்காது.

காப்பீட்டில் ஒரு பைசா வரவில்லை. 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டுமாம், அல்லது அவர்கள் பட்டியலில் இருக்கும் சிகிச்சையாக இருக்க வேண்டுமாம். அதற்கும் ஒரு நாள் போனது.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். ஊசி போட்டு பத்து நாளில், லேபில் தள்ளுபடி என்று நானாகவே ஃபெரிட்டின் எடுத்தேன். 600-க்கு மேல் காட்டியது. ஈரல் கெட்டுவிட்டதோ என்று ஓடினேன். டாக்டர் சிரித்தார். ஊசி போட்ட சூட்டில் அது அப்படித்தான் ஏறியிருக்கும், நாலு வாரமாவது பொறுத்துப் பார்த்தால்தான் அர்த்தம். அந்த நடையும் வீண். ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தோம், 10.6.

இப்போது அரிசி ஊறப்போட்டிருக்கும் பக்கம் போனாலும் கை நீளுவதில்லை. மாவு அளவு பிசகாமல் வருகிறது. "மில்லை மாத்துனது நல்லதாப் போச்சு" என்று அத்தை வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். பழைய மில்காரர் கடைவீதியில் எதிரே வந்தால் நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.