12 மீட்டர் பிசகு

ராமநாதபுரத்தில் எரிவாயுக் கிணறு தோண்டும் ரிக்கில் மட் லாகிங் வேலை. அடியிலிருந்து சேற்றோடு வரும் கல்துகளைச் சலித்து, கழுவி, பையில் போட்டு ஆழத்தை எழுத வேண்டும். சுற்றிலும் பனையும் சீமைக்கருவேலமும்.

துளைமுனை உடைக்கும் கல் உடனே மேலே வந்துவிடாது. 2,000 மீட்டரிலிருந்து ஏறிவர முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஓர் இரவு, சேற்றைக் கிணற்றுக்குள் செலுத்திச் சுற்றவைக்கும் இரண்டு பம்புகளில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். சேறு மெதுவாக ஏறியது; நானோ பழைய நிமிடக் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். என் பதிவில் மணற்கல் தொடங்கும் இடம் 12 மீட்டர் கீழே போய்விட்டது. பிறகு காமா லாக் (கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பாறைகளின் இயற்கைக் கதிர்வீச்சை அளப்பது) எடுத்தபோது குட்டு உடைந்தது. மூத்த ஜியாலஜிஸ்ட் திட்டவில்லை. "பம்ப் எத்தனை அடி அடிக்குதுன்னு எண்ணுங்க தம்பி, கடிகாரத்தைப் பாக்காதீங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

வாலாந்தரவை டீக்கடையில் ஒரு பாய் தினமும் கேட்பார்: "எண்ணெய் வந்துருச்சா?"

"கேஸ்தான் பாய். வழுதூர்ல கரண்டு எடுக்குறாங்கல்ல, அதே கேஸ்."

"அப்ப கடலுக்குள்ள?"

இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது நிலம் கிழிந்து உண்டான பள்ளங்கள்தான் எங்கள் காலடியில் இருப்பவை. பாக் நீரிணையில் தண்ணீர் ஆழமே இல்லை. தெற்கே மன்னார் வளைகுடாவிலோ கடல் 1,000 மீட்டரைத் தாண்டி இறங்குகிறது. அதற்கும் கீழே, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலப் படிவங்கள். 2011இல் இலங்கைப் பக்கம் டொராடோ கிணற்றில், சுமார் 1,350 மீட்டர் தண்ணீருக்கடியில், வாயு கிடைத்தது. ஆனால் கிடைத்தது வேறு, கரைக்கு வருவது வேறு.

பாயிடம் இப்படிச் சொன்னேன்: உயிர்ப்பொருள் புதைந்த களிக்கல் வேண்டும். அது 60 முதல் 120 டிகிரி வரை வெந்தால் எண்ணெய், அதற்கும் மேலே போனால் வாயு. தேங்கி நிற்க மணற்கல் வேண்டும். ஆழ்கடலில் அந்த மணலைக் கண்டத்தின் சரிவில் உருண்டோடும் சேற்றுநீர்தான் கொண்டுபோய்ச் சேர்க்கணும். மேலே இறுக்கமான மூடி. அதுவும் எண்ணெய் கிளம்புவதற்கு முன்னமே மூடி இருக்கணும்.

"தம் போடுற மாதிரில்ல சொல்றீங்க," என்றார் பாய். "மூடி பிந்துனா ஆவி போயிரும்."

கீழக்கரைக்காரருக்கு இதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

"அப்ப மூடி இருக்கான்னு தோண்டாமத் தெரியாதா?"

"நிலநடுக்க அலை விட்டுப் பாக்கலாம் பாய். மூடி தெரியும். உள்ள கறி இருக்கான்னு தெரியாது."

சிரித்தார். அன்று டீக்குக் காசு வாங்கவில்லை.