மார்லன் ரிக்ஸின் கடைசிப் படம்

படம் எடுக்க வழியில்லாதவர்கள்தாம் பாடம் எடுக்க வருகிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஆவணப்படம் கற்பிப்பவர்களைக் கேலி செய்வதுண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மார்லன் ரிக்ஸ்தான் நினைவுக்கு வருவார்.

1957இல் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்த இந்தக் கறுப்பின ஆவணப்பட இயக்குநர், ஹார்வர்டில் வரலாறு படித்து, 1981இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலை முடித்து, 1987 முதல் அங்கேயே ஆவணப்படம் கற்பித்தார். அவருடைய ‘எத்னிக் நோஷன்ஸ்’ படத்தில் அந்த வரலாற்று மாணவரைக் காணலாம். பாட்டுப் புத்தக அட்டை, பொம்மை, கார்ட்டூன், சமையலறைச் சாமான் என வீடுகளில் புழங்கிய பொருள்களை வரிசையாகக் காட்டி, கறுப்பர்களைப் பற்றிய கேலிச்சித்திரங்கள் அடிமை முறையையும் பிந்தைய இனப்பாகுபாட்டையும் எப்படி நியாயப்படுத்தின என்பதை அது நிறுவுகிறது. தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்ற அப்படத்தை வகுப்பில் திரையிட எவரும் தயங்கமாட்டார்கள்.

1989இல் வந்த ‘டங்ஸ் அன்டைட்’ அப்படியல்ல. கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்களின் வாழ்வைக் கவிதையாலும் தாளத்தாலும் தம் சொந்த வாக்குமூலத்தாலும் சொன்ன அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்த நாள்களில்தான் தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அவர் அறிந்தார். 1991இல் பொதுத் தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பானபோது பல நிலையங்கள் காட்ட மறுத்தன. மறு ஆண்டு, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற பேட் புக்கனன், அதன் காட்சிகளை வெட்டியெடுத்து, அதே கட்சியைச் சேர்ந்த அப்போதைய அதிபர் புஷ்ஷைத் தாக்கும் தேர்தல் விளம்பரத்தில் சேர்த்தார். இப்படிப்பட்ட படத்துக்கு அரசுப் பணம் போனது என்பதே குற்றச்சாட்டு. இத்தனை கூச்சலுக்கும் காரணமான அந்த நல்கை வெறும் 5,000 டாலர்.

கடைசிப் படமான ‘பிளாக் இஸ்... பிளாக் எய்ன்ட்’ தான் என்னை அதிகம் பாதித்தது. இறால், நண்டு, இறைச்சி எல்லாம் ஒரே பானையில் கொதிக்கும் கம்போ என்ற லூசியானாக் குழம்பை உருவகமாக்கி, கறுப்பராக இருப்பதற்கு ஒரே இலக்கணம் உண்டா என்று அதில் கேட்கிறார். கேள்வி கேட்பவரோ மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். வேலை இருக்கும்வரை தாம் சாகப்போவதில்லை என்று கேமராவிடம் சொல்கிறார்.

1994 ஏப்ரல் 5 அன்று, 37 வயதில், படம் முடியுமுன்பே அவர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற காட்சிகளையும் குறிப்புகளையும் வைத்து உடன் பணியாற்றியவர்கள் அதை முடித்தார்கள். படத்தொகுப்பில் அவர் தீர்மானித்த வெட்டு எது, அவர்கள் தீர்மானித்தது எது என்று, பலமுறை பார்த்தும் என்னால் பிரித்தறிய முடியவில்லை.