சும்மா கிடைத்தது

"சும்மா கிடைக்கிறது எண்டதுக்காகச் சும்மா எண்டு நினைக்கிறதோ, தம்பி?"

நான் சொன்னதுதான். சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் நாக்குக் கூசுகிறது.

எங்கள் அச்சகத்தில் ஒரு கலியாணக் கார்ட் விஷயம். மாலை 3.30 என்று வரவேண்டியதைக் காலை 3.30 என்று 400 கார்ட்டிலும் அடித்துவிட்டோம். புரூஃப் பார்ப்பது எங்களோடு வேலை செய்யும் பெடியனின் பொறுப்பு. பார்த்தேன் என்றான், பார்க்கவில்லை. எங்கள் முதலாளிக்கு எழுத்துப்பிழை என்றால் சன்னதம் வந்துவிடும். 1841இலேயே உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்த யாழ்ப்பாணத்தில் இப்படியா என்று தொடங்குவார். "கடைசியாகப் பார்த்தது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். திரும்ப அடித்த காசு என் சம்பளத்தில் போனது. பெடியன் எங்கள் தேவாலயச் சபைதான், தகப்பன் இல்லாத பிள்ளை. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அடுத்த கிழமை ஒரு கல்வெட்டு வேலை, செத்தவர் நினைவாக அடிக்கிற புத்தகம். ஒரு கையில் போன், மறு கையால் பக்கம் பக்கமாகச் 'சரி' போட்டுக்கொண்டிருந்தான்.

"போன கிழமை நடந்தது மறந்து போச்சோ?"

சிரித்தான். "மன்னிச்சாப் பிறகு திருப்பிக் கேக்கலாமோ அண்ணை? கிருபை எண்டால் அதுதானே."

அப்போதுதான் அந்தச் 'சும்மா' என் வாயில் வந்தது. போதாததற்கு, கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று வேதத்தில் பவுல் கேட்டதையும் சேர்த்துக் கேட்டேன், மற்றவர்கள் காதிலும் விழும்படி.

சொன்னது பிழையா? எபிரெயர் 12:28 கிருபையைப் பற்றிக்கொள்ளச் சொல்கிற அதே இடத்தில் 'பயத்தோடும் பக்தியோடும்' என்றும் சொல்கிறது. மத்தேயு 18இல் வேலைக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்துக் கடனை மன்னித்த ராஜாவே பிறகு அதைத் திருப்பிக் கேட்கவில்லையா? அன்றிரவு முழுக்க இதே வழக்கு. நானே அப்புக்காத்து, நானே நீதவான்.

விடியப்புறம்தான் உறைத்தது. அந்தக் கதையில் ராஜாவின் இடத்தில் என்னை யார் இருத்தியது? தான் மன்னிக்கப்பட்ட பிறகும் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரித்தவன் ஒருவனும் அதில் இருக்கிறானே. பெடியன் கிருபையைப் பார்த்துச் சிரித்தானோ தெரியாது, என்னைப் பார்த்துச் சிரித்ததுதான் எனக்குச் சுட்டது. சம்பளத்தில் போன காசு உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஆனாலும் ஒன்று. அவன் 'சரி' போட்ட இரண்டாம் பக்கத்தில் பிறந்த வருடமும் இறந்த வருடமும் மாறிக் கிடந்தன. பேசாமல் விட்டிருந்தால் அந்த வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்? அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது வரிக்கு வரி அடிமட்டம் வைத்து வாசிக்கிறான். பிழை வருவதில்லை, முதலாளிக்குச் சந்தோஷம். நான் பக்கத்தில் போனால் அடிமட்டம் கொஞ்சம் நின்று, பிறகு நகர்கிறது. அண்ணை என்று கூப்பிட்டவன் இப்போது சேர் என்கிறான்.